கரிஸ்மாவின் ஃபோர்க்கில் ஒரு கேபிள் டை

என் கரிஸ்மா பைக்கின் முன் ஃபோர்க்கில், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழாய்களில் இடது பக்கக் குழாயில், ஒயரைக் கட்டும் ஒரு சின்னக் கறுப்பு கேபிள் டை கட்டியிருக்கிறேன். பெட்ரோல் பங்கில் நிற்கும்போது யாராவது குனிந்து பார்த்து, "அண்ணே, இது என்னத்துக்கு சும்மா கெடக்கு, அறுத்து விடட்டா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று பதறிக் கையை நீட்டுவேன். ஐந்து ரூபாய்கூடப் பெறாத அந்த டைதான் இந்த வண்டியைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லித் தந்திருக்கிறது.

வண்டி 2006 மாடல், டி.என். 74, நாகர்கோவில் பதிவு. 2014ல் இரண்டாவது ஆளாக வாங்கினேன். ஹீரோ ஹோண்டா 2003ல் கரிஸ்மாவை இறக்கியபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். 223 சி.சி. என்ஜின், முன்னால் டிஸ்க் பிரேக், பாதி ஃபேரிங். குளச்சலில் ஒரு மஞ்சள் கரிஸ்மா வந்து நின்றால், சாயா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே கடையை விட்டு எழுந்து போய்ப் பார்த்திருக்கிறேன். அப்படி ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. என்ஜினில் இன்றைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. பத்து வயது தாண்டிய வண்டியில் முதலில் கிழடு தட்டுவது சஸ்பென்ஷன், அதாவது சாலையின் அடியை வாங்கிக்கொள்ளும் முன் ஃபோர்க்கும் பின் ஷாக் அப்சார்பரும். அது ஒரே நாளில் போவதில்லை, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. தினமும் ஓட்டுகிறவனின் கையும் இடுப்பும் அதற்குப் பழகிவிடுவதால் அவனுக்குத் தெரிவதில்லை.

எனக்கும் தெரியவில்லை. 2017ல் ஒரு கடையில் சர்வீஸுக்கு விட்டபோது, "சஸ்பென்ஷன் தொங்கிப் போச்சு, டைட் பண்ணினா சரியாகும்" என்றார்கள். பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை நெருக்கும் ஐந்து படிகளில் கடைசிப் படிக்கு ஏற்றினார்கள். முன் ஃபோர்க்கில் கெட்டியான ஆயில் ஊற்றினார்கள். வெளியே எடுத்து ஓட்டியதும் எனக்குப் பெரிய சந்தோஷம். பிரேக் பிடித்தால் முன்பக்கம் முங்கவில்லை. பின்பக்கம் பலகை மாதிரி நின்றது. ரேஸ் வண்டி இப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன். அம்மாவைப் பின்னால் வைத்து வடசேரி சந்தைக்குப் போய் வந்த அன்று, இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "முதுகு நொந்துல்லா போச்சு மக்ளே" என்றாள். வயசு என்று நினைத்துக்கொண்டேன். அதற்காக இன்றும் வருத்தப்படுகிறேன்.

2019 ஜூனில் அந்தத் தவறு வெளிப்பட்டது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. அதனால் சாலை ஒட்டுப்போட்டு ஆறுவதற்குள் அடுத்த மழை வந்துவிடும். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வழியில், ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஓர் இடது வளைவு. வேகம் நாற்பதுதான் இருக்கும். வளைவின் நடுவில் மூன்று நான்கு ஒட்டுகள், ஒவ்வொன்றும் விரல் தடிமன். முதல் ஒட்டில் முன்சக்கரம் குதித்தது. அது தரையைத் தொடுவதற்குள் இரண்டாவது ஒட்டு. டயர் பக்கவாட்டில் வழுக்கி, நான் சாலையை விட்டு இறங்கி, செம்மண்ணில் சறுக்கி ஒரு ரப்பர் மரத்தின் அருகில் நின்றேன். மரத்தில் கட்டியிருந்த சிரட்டையில் மழைத்தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி. வண்டிக்கும் எனக்கும் சிராய்ப்பு மட்டும்தான்.

டயர் நல்ல டயர், காற்றும் அளவாகத்தான் இருந்தது. அப்புறம் ஏன் போனது? இதைக் கேட்டுத்தான் திருவட்டார் பக்கம் ஒரு பழைய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். தொழில் தெரிந்த மூத்தவரை எங்கள் பக்கம் ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். ஆசான் நான் சொன்னதையெல்லாம் கேட்கவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்து முன்பிரேக்கை அழுத்திக்கொண்டு இரண்டு முறை அமுக்கினார். பிறகு சீட்டில் உள்ளங்கையை ஊன்றி அமுக்கினார். நிமிர்ந்தார்.

"இதுல சஸ்பென்ஷன் எங்க மக்கா இருக்கு? டயர் ரோட்டுல நிக்கணும்ணா அது மேலயும் போணும், கீழயும் வரணும். நீ ரெண்டையும் கெட்டி வச்சிருக்கியே."

கீழே வர வேண்டும் என்பதைத்தான் நான் அதுவரை யோசித்ததே இல்லை. மேடு வந்தால் சக்கரம் மேலே போக வேண்டும், அது எல்லோருக்கும் தெரியும். குழி வந்தால்? சக்கரம் குழிக்குள் இறங்கித் தரையைத் தொட வேண்டும். அதற்கு இடம் வேண்டுமென்றால், நாம் ஏறி உட்கார்ந்ததுமே ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கியிருக்க வேண்டும். நம் எடையில் வண்டி இறங்கும் அந்த அளவுக்குப் பெயர் சாக். சாலையில் ஓட்டும் வண்டிக்குச் சஸ்பென்ஷன் மொத்தமாக அசையும் தூரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை சாக் இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. பல வண்டிகளுக்கு அது 30 முதல் 35 மில்லிமீட்டர் சுற்றி வரும். என் வண்டியின் பின்பக்கத்தில் நான் மட்டும் உட்கார்ந்தால் 11 மில்லிமீட்டர்தான் இறங்கியது. குழி வந்தால் டயர் அந்தரத்தில் நிற்கும்.

இன்னொன்றையும் ஆசான் அன்றைக்குப் புரிய வைத்தார். கழற்றிப் போட்ட ஒரு ஷாக் அப்சார்பரை எடுத்து, சி ஸ்பேனரால் அடி வளையத்தைத் திருப்பிக் காட்டினார். படி ஏற ஏற ஸ்பிரிங் கீழிருந்து நெருக்கப்படுகிறது. "ஸ்பிரிங் மாறல்ல பாத்தியா. அது நிக்குத எடந்தான் மாறுது." எனக்கு இது புரிய இரண்டு நாள் ஆனது. ஒரு ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க ஒரு கிலோ வேண்டும் என்று வையுங்கள். அதைப் பத்து மில்லிமீட்டர் முன்கூட்டியே நெருக்கிவைத்தால், முதல் பத்து கிலோவுக்கு அது அசையவே அசையாது. அதற்குப் பிறகு? அதே மில்லிமீட்டருக்கு ஒரு கிலோதான். ஸ்பிரிங் கொஞ்சமும் கெட்டியாகவில்லை, வண்டி உயரமாக நிற்கிறது, அவ்வளவுதான். இப்படி முன்கூட்டியே நெருக்கிவைக்கும் பிரீலோடு என்பது எடைக்கு ஏற்ப உயரத்தைச் சரிசெய்யத் தந்திருப்பது. பின்னால் ஆள் ஏறினால் கூட்ட வேண்டும், இறங்கினால் குறைக்க வேண்டும். ஐந்தாவது படியில் நிரந்தரமாக நிறுத்திவிட்டு, வண்டி டைட்டாகிவிட்டது என்று நான் இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன்.

அடுத்து முன் ஃபோர்க். அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டைத் திறந்ததும் வந்த ஆயிலைப் பார்த்திருக்க வேண்டும். சாம்பல் நிறம், அதற்குள் மீன் செதில் மாதிரி மினுக்கம். ஆசான் இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்து வெளிச்சத்தில் காட்டினார். ஸ்பிரிங்கும் புஷ்ஷும் தேய்ந்து உதிர்த்த உலோகத் துகள் அது. நாற்றமும் கெட்ட மீன் நாற்றம்தான். இடது பக்கத்தில் வந்த ஆயிலை ஒரு பாட்டிலிலும் வலது பக்கத்தில் வந்ததை இன்னொரு பாட்டிலிலும் பிடித்துப் பக்கத்தில் வைத்தோம். ஒன்றில் இரண்டு விரற்கடை குறைவாக இருந்தது.

கரிஸ்மா மாதிரி அந்தக் காலத்து ஃபோர்க்குக்குள் இருக்கும் வேலைப்பாடு எளிமையானது. உள்கூடான ஒரு கம்பி, அதில் சின்னச் சின்னத் துளைகள். சக்கரம் மேலும் கீழும் போகும்போது ஆயில் அந்தத் துளை வழியாகப் பிதுங்கிப் போக வேண்டும். ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவது இந்தப் பிதுக்கம்தான். ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீரை மெல்லத் தள்ளிப் பாருங்கள், லேசாகப் போகும். வேகமாகத் தள்ளினால் கட்டைவிரல் நோகும். துளை வழியே போகும் எதிர்ப்பு வேகத்தோடு இரட்டிப்பாவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதனால்தான் இந்த ஃபோர்க்குகள் மெல்லிய அலையில் தொளதொளவென்றும், கூரான விளிம்பில் இரும்பு மாதிரியும் நடந்துகொள்கின்றன. இதில் கெட்டி ஆயிலை ஊற்றினால் அலையில் கொஞ்சம் அடக்கம் வரும், ஆனால் ஒட்டின் விளிம்பில் ஃபோர்க் பூட்டிக்கொண்ட மாதிரி நிற்கும். பேச்சிப்பாறை வளைவில் முன்சக்கரம் குதித்தது இதனால்தான்.

இதற்குத் தீர்வாகக் கார்ட்ரிட்ஜ் எமுலேட்டர் என்று ஒரு வால்வு உண்டு. ஸ்பிரிங்குக்கு அடியில் உட்காரும். கம்பியின் துளைகளைப் பெரிதாக்கிவிட்டு, ஆயிலை இந்த வால்வு வழியே விட்டால், வேகமான அடியில் அது திறந்து வழிவிடும். நல்ல யோசனைதான். ஆனால் கம்பியில் துளை போட்டுவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப முடியாது. இருப்பதைச் சரியாக வைத்தால் எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்துவிட்டு அதற்குப் போகலாம் என்று விட்டுவிட்டேன். இதுவரை போகவில்லை.

பழையபடி, கெட்டி குறைந்த 10டபிள்யூ ஆயிலுக்கே திரும்பினோம். இங்கே ஒரு விஷயம். 10டபிள்யூ என்று அச்சிட்ட இரண்டு நிறுவனங்களின் ஃபோர்க் ஆயில் ஒரே கெட்டியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். டப்பாவின் பின்பக்கத்திலோ அந்த நிறுவனத்தின் தகவல் தாளிலோ 40 டிகிரி செல்சியஸில் இத்தனை சென்டிஸ்டோக் என்று கெட்டியைக் காட்டும் ஓர் எண் இருக்கும். அதுதான் உண்மையான கணக்கு. ஒரு முறை எந்த ஆயில் பிடித்ததோ அதையே தொடர்ந்து வாங்குவது நல்லது. ஊற்றும்போதும் இத்தனை மில்லி என்று அளந்து ஊற்றிவிட்டு எழுந்துவிடக் கூடாது. ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுதாக அமுக்கி, காற்றுக் குமிழி போக நாலைந்து முறை ஏற்றி இறக்கி, குழாயின் வாயிலிருந்து ஆயில் மட்டம் எவ்வளவு கீழே இருக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டும். ஆயிலுக்கு மேலே அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். மட்டம் உயர்ந்தால் காற்றுக்கு இடம் குறையும், ஃபோர்க் கடைசித் தூரத்தில் வேகமாக இறுகும். இரண்டு பக்கமும் மட்டம் ஒன்றாக இருப்பது மிக மிக முக்கியம்.

முன்பக்கம் சாக் அளந்தபோதுதான் இந்தக் கேபிள் டை வந்தது. என் மச்சினன் உதவிக்கு வந்தான். ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் டையைக் கட்டி, கீழே டஸ்ட் சீல், அதாவது தூசியைத் தடுக்கும் ரப்பர் வளையம் வரைக்கும் தள்ளிவைக்க வேண்டும். ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் போட்டு, இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து உட்கார வேண்டும், ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்வார். மெல்ல இறங்கி, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினால், சீலுக்கும் டைக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் சாக். சொல்ல எளிது. முதல் தடவை 52 வந்தது, அடுத்த தடவை 44. மச்சினன், "அத்தான், ஒழுங்கா இருங்க, ஆடாதீங்க" என்று சலித்துக்கொண்டான். ஆட்டத்தால் வந்த வித்தியாசம் இல்லை அது. சீலும் புஷ்ஷும் குழாயைப் பிடித்துக்கொள்வதால், அமுக்கி விட்டால் ஓர் இடத்திலும் தூக்கி விட்டால் வேறு இடத்திலும் நிற்கும். இரண்டையும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். எனக்கு 48. என் எடை 84 கிலோ. ஃபோர்க் ஏற்கெனவே தேவைக்கு மேல் இறங்கி உட்கார்ந்திருக்கிறது.

முன்பக்கம் திருகிக் கூட்டுவதற்குக் கரிஸ்மாவில் எதுவும் கிடையாது. ஆசான் பக்கத்துக் கடையிலிருந்து தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பி.வி.சி. பைப் துண்டு ஒன்று வாங்கி வரச் சொன்னார். ஸ்பிரிங்கின் தலையில் சரியாக உட்காரும் அகலம், தடித்த சுவர். 12 மில்லிமீட்டர் உயரத்துக்கு இரண்டு துண்டுகளை ஹாக்ஸா பிளேடால் அறுத்து, விளிம்பை அரம் வைத்து மட்டமாக்கி, மேலும் கீழும் வாஷர் வைத்து மூடியை முடுக்கினார். திரும்ப அளந்தால் 36. பன்னிரண்டு கூட்டினோம், பன்னிரண்டு குறைந்தது. ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதுவரை ஊகமாக இருந்த ஒன்று கணக்காகிவிட்டது.

பின் ஷாக் அப்சார்பர்களுக்கு வழியே இல்லை. சீட்டை அமுக்கிவிட்டால் மூன்று முறை துள்ளியது. உள்ளே இருந்த ஆயில் செத்துவிட்டது, அதைத் திறந்து மாற்றும்படி அந்த ஷாக்கைச் செய்யவில்லை. புதிது வாங்கும்போது நான் செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். வேறொரு வண்டியின் ஷாக் ஜோடி ஒன்று மலிவாகக் கிடைத்தது, 20 மில்லிமீட்டர் நீளம் கூடுதல். பின்பக்கம் உயர்ந்தால் வண்டி வளைவில் சட்டென்று சாயும் என்று படித்திருந்தேன். உண்மைதான், சாய்ந்தது. பின்பக்கம் அந்த அளவு உயர்ந்தால் ஃபோர்க்கின் சாய்வு ஏறக்குறைய ஒரு டிகிரி நிமிரும், திருப்பம் சுறுசுறுப்பாகும். வேர்க்கிளம்பி வளைவுகளில் ஆசையாக இருந்தது. அந்த வாரமே ஒரு வேலையாக ஆரல்வாய்மொழி தாண்டிப் போனேன். முப்பந்தலில் காற்றாலைகளை ஏன் வரிசையாக நட்டிருக்கிறார்கள் என்பது அந்தக் கணவாயில் பைக் ஓட்டுகிறவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கக் காற்று அடிக்கிறபோதெல்லாம் ஹேண்டில்பார் கையில் நடுங்கியது. முன்பு அதே இடத்தில், அதே காற்றில் நேராகப் போன வண்டி. சாய்வு நிமிர்ந்தால் நேராக ஓடும் பிடிப்பு குறையும் என்பதை அங்கே கண்ணால் பார்த்தேன். திரும்பி வந்ததும் கழற்றிவிட்டேன்.

கடைசியில் வாங்கியது, பழைய ஷாக்கின் அதே நீளம், மாட்டும் துளைக்கு (கண்) அதே அளவு, உள்ளே கேஸ் நிரப்பியது, அடியில் ரீபவுண்டு திருகு உள்ளது. நல்ல டயர் ஒரு ஜோடி வாங்கும் காசுக்கு மேல் ஆனது. கேஸ் எதற்கு என்றால், சாதாரண ஷாக்கில் ஆயிலும் காற்றும் ஒன்றாக இருக்கும். கரடுமுரடான சாலையில் நீண்ட நேரம் ஓடினால், உயரத் தூக்கி ஆற்றிய சாயா மாதிரி உள்ளே நுரைத்துவிடும். நுரை துளை வழியாகச் சுலபமாகப் போய்விடும், அடக்கும் சக்தி போய்விடும். அழுத்தத்தில் நைட்ரஜன் அடைத்திருந்தால் நுரைப்பது வெகுவாகக் குறையும்.

ரீபவுண்டு என்பது அமுங்கிய ஸ்பிரிங் எவ்வளவு வேகத்தில் திரும்பி எழ வேண்டும் என்பதை அடக்குவது. குறைவாக இருந்தால் துள்ளும், இது எல்லோருக்கும் தெரியும். அதிகமாக இருந்தால் வரும் தொல்லை வேறு மாதிரி. ஒரு மேட்டில் அமுங்கிய ஷாக் முழுதாக எழுவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். அது இன்னும் அமுங்கும், அப்புறம் இன்னும். நாலைந்து மேடு தாண்டினால் பின்பக்கம் தாழ்ந்துபோய், அசைய இடமில்லாமல், ஒவ்வோர் அடியும் நேராக முதுகெலும்பில் இறங்கும். ஓட்டுகிறவனுக்கு இது ஸ்பிரிங் கெட்டியாக இருப்பதுபோலவே தோன்றும். இன்னும் அடக்கத் திருகினால் இன்னும் மோசமாகும். இதைச் சோதிக்க மார்த்தாண்டம் மேம்பாலத்தைப் பயன்படுத்தினேன். அதன் இணைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சீராக வரும். போய்த் திரும்பி, திருகை முழுதாக மூடிய இடத்திலிருந்து எத்தனை கிளிக் திறந்திருக்கிறேன் என்று குறித்துக்கொள்வேன். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், இரண்டு பக்க ஷாக்கும் ஒரே எண். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. மூன்று ஞாயிற்றுக்கிழமை காலைகள் இதற்கே போயின. வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. பத்து கிளிக்கில் பாலம் கைக்குத் தெரிந்தது, முதுகுக்குத் தெரியவில்லை. அங்கேயே நிறுத்திவிட்டேன்.

இத்தனைக்கும் முன்னால் பார்க்க வேண்டியவை சில உண்டு. டயர் காற்று, ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட், பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மின் புஷ். கோன் செட்டில் ஆட்டம் இருந்தால் எந்த ஷாக் போட்டும் பயனில்லை. எனக்குப் புஷ் மட்டும் மாற்ற வேண்டி இருந்தது.

கடலோரத்துக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கம் இருக்கிறவர்கள் ஃபோர்க் குழாயை விரலால் தடவிப் பாருங்கள். உப்புக் காற்றில் குரோம் பூச்சு புள்ளி புள்ளியாக அரிக்கும். சீல் ஏறி இறங்கும் இடத்தில் அப்படி ஒரு புள்ளி இருந்தால், எத்தனை புது ஆயில் சீல் போட்டாலும் அது கிழித்துக்கொண்டே இருக்கும், ஆயில் கசியும், கசிந்த ஆயில் பிரேக்கின் மீதும் வழியலாம். புள்ளி சின்னதாக இருந்தால் மிக நைசான எமரி பேப்பரை எண்ணெயில் நனைத்துத் தேய்த்துக் கூர்முனையை எடுத்துவிடலாம். பள்ளமாகிவிட்டால் குழாயைக் குரோமுக்குக் கொடுக்க வேண்டும், இல்லை மாற்ற வேண்டும். நான் இப்போது சாயங்காலம் வண்டியை உள்ளே ஏற்றியதும் ஈரத்துணியால் இரண்டு குழாயையும் துடைத்து, காய்ந்த துணியால் ஒரு முறை, பிறகு ஒரு சொட்டு எண்ணெய் தடவிவிடுகிறேன். ஒரு நிமிட வேலை.

நோட்டில் இப்போது இரண்டு பக்கம் இருக்கிறது. தனியாக என்றால் பின்னால் இரண்டாவது படி, ரீபவுண்டு பத்து. அம்மா ஏறினால் நான்காவது படி, ரீபவுண்டு எட்டு. ஸ்பிரிங் அதிகம் நெருக்கப்படும்போது அது எழும் வேகமும் கூடும், அதனால் அடக்கத்தையும் கூட்ட வேண்டும். சி ஸ்பேனரைச் சீட்டுக்கு அடியிலேயே வைத்திருக்கிறேன். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் படி மாற்றிவிடுவேன். போன மாதம் வடசேரி போய் வந்தோம். காய்ப்பையை வாங்கிக்கொண்டு இடுப்பைக் கவனித்தேன். கையை வைக்கவில்லை. நேராக அடுக்களைக்குப் போய்விட்டாள்.

போன ஞாயிறு மழை விட்ட நேரத்தில் அதே பேச்சிப்பாறை வழியில் போனேன். ஒட்டுகள் இன்னும் இருக்கின்றன, எண்ணிக்கை கூடியிருக்கிறது. அதே நாற்பதில் அந்த வளைவில் சாய்த்தேன். காலுக்கடியில் ஃபோர்க் வேலை செய்வது கேட்டது, டக் டக் என்று மெல்லிய சத்தம். வண்டி கோட்டை விட்டு விலகவில்லை. அணைக்குப் போய் நிறுத்தி, குனிந்து டையைப் பார்த்தேன். ஃபோர்க் முழுதாக அமுங்கினால் டை எங்கே போய் நிற்கும் என்று ஸ்பிரிங் இல்லாதபோது குழாயில் ஒரு கோடு குறித்திருந்தேன். டை அதற்கு 15 மில்லிமீட்டர் கீழே நின்றது. போன வருடம் இதே வழியில் 22. அதாவது ஃபோர்க் இப்போது முன்பைவிட ஆழமாக அமுங்குகிறது. ஆயில் ஊற்றி இரண்டு வருடம் ஆகிவிட்டது. வடகிழக்கு மழைக்கு முன்னால் திருவட்டாருக்கு ஒரு நடை போக வேண்டும்.